கடலூரிலிருந்து ஏற்காடு: குடும்பத்தோடு இரண்டு இரவு

கேள்வி இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஏழாவது படிக்கும் பையன், மூன்றாவது படிக்கும் பெண், மூட்டுவலி உள்ள மாமியார். சொந்தக் கார் இருக்கிறது. மலையும் ஏரியும் உள்ள சின்ன ஊராக இருக்க வேண்டும், கொடைக்கானல் கூட்டம் ஆகாது, இரண்டு மூன்று நாள்தான் லீவு. ஏற்காடா ஏலகிரியா, எந்த மாதம் நல்லது, எந்த வழியாகப் போவது, அங்கே என்னதான் பார்ப்பது என்று அந்த வீட்டு அம்மா கேட்டிருக்கிறார்.

ஏற்காடுதான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் 'பாயிண்ட்' பார்க்கிற கணக்கில் போகாதீர்கள். இரண்டு இரவு தங்குகிற கணக்கில் போங்கள். நான் கடலூர் முதுநகர்க்காரன். பிழைப்புக்காகச் சேலத்தில் சில வருடம் இருந்தேன், ஏற்காட்டுக்கு எல்லாப் பருவத்திலும் ஏறியிருக்கிறேன். "ஏற்காட்டில் ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறி, வேனில் ஏழெட்டு இடத்தில் இறங்கி ஏறி, பொழுது சாயும்போது மலையிறங்கியவர்களாக இருப்பார்கள். அந்த ஊர் நன்றாக இருப்பதே அவர்கள் ஏறுவதற்கு முன்னாலும் இறங்கிய பிறகும்தான்.

மற்ற ஊர்களை ஏன் தள்ளுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் நமக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரு நாள் களைப்பு. அதுவும் போக, உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். ஏலகிரி நல்ல ஊர்தான். புங்கனூர் ஏரி இருக்கிறது, புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே போகலாம். ஆனால் உயரம் சுமார் 1,100 மீட்டர்தான். ஏற்காடு 1,500 மீட்டர். அந்த 400 மீட்டர் வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். கல்வராயன் மலை நமக்கு இன்னும் கிட்டே, கரியாலூரில் படகுக் குழாமும் இருக்கிறது. ஆனால் அங்கே மலைக் கிராமங்கள்தான், வயதானவரோடு தங்கிச் சாப்பிட வசதியான ஊர் என்று சொல்ல முடியாது. காலையில் போய் இரவு திரும்புகிற பயணத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த மாதம்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோரத்துக்காரர்கள் தப்புக் கணக்குப் போடுகிற இடம் இதுதான்.

பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். நாம் கடல்மட்டத்திலிருந்து போகிறோம், அதனால் ஏற்காட்டில் ஒன்பது பத்து டிகிரி குறைவாக இருக்கும். மே மாதம் கடலூரில் 38 டிகிரி அடிக்கும்போது அங்கே 28, 29 இருக்கும். பகலில் வெயில் வெயில்தான். நம் ஊர்ப் புழுக்கம் இருக்காது, ராத்திரி போர்வை வேண்டியிருக்கும், அவ்வளவே. ஊட்டியை நினைத்துக்கொண்டு மே மாதம் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். மே மாதத்தில்தான் கோடை விழாவும் வருகிறது. மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் உண்டு. சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதம். மலைப்பாதையில் வண்டிகள் நகராது. மலர்க் கண்காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால் மே வேண்டாம்.

அடுத்தது நவம்பர், டிசம்பர். மழைக்கு ஸ்கூல் லீவு விட்டுவிட்டார்கள், இங்கேதான் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது, நாலு நாள் மலைக்காவது போகலாம் என்று நம் ஊரில் சிலர் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் கரையைக் கடக்கிற புயல் கடலூரோடு முடிந்துவிடுவதில்லை. கரையேறியதும் காற்று வேகம் குறையும், ஆனால் மேகம் சுமந்து வந்த ஈரம் அப்படியே மேற்கே நகரும். கல்வராயன், ஜவ்வாது, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைகளில் அந்தக் காற்று மோதி மேலெழும்பும்போது குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடும். ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமெல்லாம் பேய்மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. புதுச்சேரியிலும் கடலூரிலும் வானம் வெளுத்துவிட்டதே என்று அன்றைக்குக் கிளம்பியவர்கள் நேராக அந்த மழைக்குள் போய் நின்றிருப்பார்கள். வானிலை மையம் நம் கடற்கரைக்குப் புயல் எச்சரிக்கை கொடுத்தால், கரை கடந்து மூன்று நான்கு நாள் ஆன பிறகே ஏற்காட்டை நினையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சேர்வராயன் மலையின் வடக்குச் சரிவில் பெய்கிற மழை வாணியாறாக இறங்கித் தென்பெண்ணையில் சேர்கிறது. தென்பெண்ணை எங்கே வந்து கடலில் கலக்கிறது என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபெஞ்சலின்போது சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு நம் ஊர்க் குடியிருப்புகளில் வெள்ளம் ஏறியதே, அந்தத் தண்ணீரில் ஏற்காட்டுப் பங்கும் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஆக நான் சொல்வது ஜனவரிக் கடைசி முதல் பிப்ரவரி முடிய. பொங்கல் கூட்டம் வடிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், காலையில் நல்ல குளிர். காபிப் பழம் பறிப்பு முடிகிற சமயம், மிளகு பறிப்பு நடக்கிற சமயம். பிள்ளைகளுக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் லீவு சொல்ல வேண்டியிருக்கும், சொல்லுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. அதற்கு வழியில்லை என்றால் காலாண்டு விடுமுறை. அப்போது மாலையில் மழை வரும், மூடுபனி இருக்கும், தூரத்துக் காட்சி எதுவும் தெரியாது, ஆனால் மலை பச்சைப்பசேல் என்று இருக்கும். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மட்டும் போகவே போகாதீர்கள்.

இனி வழி. கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலி, விருத்தாசலம், வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி, சேலம். மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். அதற்கு மேல் மலைப்பாதையோடு 30 கிலோமீட்டர். பண்ருட்டி, மடப்பட்டு வழியாக உளுந்தூர்பேட்டை போய் நான்குவழிச் சாலையைப் பிடிப்பவர்களும் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் விழுப்புரம் வழியாக அதே உளுந்தூர்பேட்டைக்கு வந்துவிடலாம். பேருந்து என்றால் கடலூரிலிருந்து சேலத்துக்கு நேர் வண்டி இருக்கிறது, ஐந்து மணி நேரம் பிடிக்கும், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு டவுன் பஸ் போல அடிக்கடி வண்டி. ஆனால் மாமியாரை வைத்துக்கொண்டு பேருந்து மாற வேண்டாம், காரிலேயே போங்கள்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஆத்தூரைத் தாண்டிவிடலாம். ஆத்தூரில் வசிஷ்ட நதியைத் தாண்டுவீர்கள். பெரும்பாலும் மணல்தான் தெரியும். இந்த ஆறுதான் கீழே போய் வெள்ளாறாகிப் பரங்கிப்பேட்டையில் கடலில் சேர்கிறது என்று பையனிடம் சொல்லுங்கள், புவியியல் பாடத்துக்கு ஆகும். ஆத்தூரைத் தாண்டி புத்திரகவுண்டன்பாளையத்தில் முத்துமலை முருகன். 146 அடிச் சிலை, 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது, மலேசியா பத்துமலை முருகனைவிட ஆறு அடி கூட. நெடுஞ்சாலையை ஒட்டியே இருப்பதால் உங்கள் மாமியாருக்கு அலைச்சல் இருக்காது. இந்தப் பயணத்தில் அவருக்குப் பிடிக்கப்போவது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மலைக்கு இரண்டு பாதை. சேலம் ஊருக்குள் புகுந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறுவது பெரிய பாதை, 20 கொண்டை ஊசி வளைவு. இன்னொன்று அயோத்தியாப்பட்டணத்துக்கு வடக்கே குப்பனூரிலிருந்து கொட்டச்சேடு வழியாக ஏறுவது. அது ஒடுக்கமான பாதை, போக்குவரத்துக் குறைவு, ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சேலம் ஊருக்குள் நுழையாமலே போய்விடலாம். நான் சொல்கிற வழி: ஏறும்போது அடிவாரம், இறங்கும்போது குப்பனூர். ஏறும்போது சேலத்தில் சீக்கிரமாகச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம், அகலமான பாதையில் நிதானமாக ஏறலாம். திரும்பும்போது நேராக வாழப்பாடிப் பக்கம் வந்து சேர்ந்துவிடலாம். மழை பெய்திருந்தால் மட்டும் குப்பனூர்ப் பாதை திறந்திருக்கிறதா என்று ஏற்காட்டிலேயே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவரா என்று நீங்கள் சொல்லவில்லை. நம் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு மேடு, பள்ளம் என்றாலே கெடிலம் பாலம்தான். அதனால் சொல்கிறேன். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடு வளைவில் போய்க் குறைக்கக் கூடாது. ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மட்டுமே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும், கருகல் வாடை வரும். வாடை வந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் நிறுத்திவிடுங்கள். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது, பெட்ரோல் மிச்சம் என்பதெல்லாம் இங்கே ஆகாத வேலை. 2024 ஏப்ரல் கடைசியில் இந்தப் பாதையில்தான் ஒரு பேருந்து வளைவில் கவிழ்ந்து உயிர்ப்பலி ஆனது. இருட்டிய பிறகு ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

குமட்டல் வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும். பிள்ளைகள் மொபைலைப் பார்த்துக்கொண்டே வந்தால் ஐந்தாவது வளைவில் வாந்தி நிச்சயம், ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே பார்க்கச் சொல்லுங்கள். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். சேலத்தில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், நாலு இட்லி போதும். மேலே போகப் போகக் காது அடைக்கும், எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும். பையனுக்கு ஒரு வேடிக்கை: கடலூரில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமல் கொண்டுபோங்கள். கிளம்பும்போது தொளதொளவென்று இருந்த பாக்கெட், ஏற்காட்டில் தலையணை மாதிரி உப்பி நிற்கும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே நம் ஊரில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். அறிவியல் ஆசிரியர் சொல்லிப் புரியாதது அதைப் பார்த்தால் புரிந்துவிடும்.

வழியில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். வண்டியை நிறுத்திப் பழம் போடாதீர்கள். மேலே லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் கார் கண்ணாடி இறக்கியிருந்தால் உள்ளே கை விட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடும். பெண்குழந்தை கையில் பாப்கார்ன் இருந்தால் உங்கள் கண் அதன் மேலேயே இருக்கட்டும்.

எங்கே தங்குவது? ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து நடக்கிற தூரத்தில், ஏரியைச் சுற்றி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊருக்கு வெளியே எஸ்டேட்டுக்கு நடுவில் அழகான பங்களாக்கள் இருக்கின்றன, படத்தில் பார்த்தால் மனசு அதற்குத்தான் போகும். ஆனால் உங்கள் வீட்டில் வயதானவர் இருக்கிறார், ராத்திரி ஒரு மாத்திரை வேண்டும், ஒரு சுடு கஞ்சி வேண்டும் என்றால் கடை கண்ணி பக்கத்தில் இருக்க வேண்டும். ஏரிக்கரையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஹோட்டலும் இருக்கிறது. எந்த விடுதியானாலும் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், மலைச்சரிவில் கட்டிய கட்டடங்களில் படிக்கட்டு அதிகம். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது பள்ளிக்கூட ஊர். 1894-இல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1917-இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் என்று பழைய விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளி திறக்கிற, மூடுகிற நாட்களில் பெற்றோர் வந்து அறைகளை நிரப்பிவிடுவார்கள்.

ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீராணத்தில் 47.50 அடி நிரம்பியதா என்று பேப்பரில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஏற்காட்டு ஏரி சின்னக் குளம்தான். புதுச்சேரி ஊசுட்டேரியின் ஒரு மூலைக்குக் காணாது. அதன் அழகு பரப்பில் இல்லை. ஊருக்கு நடுவில் ஒரு கிண்ணம் போல் கிடக்கிறது, நாலு பக்கமும் சரிவு, சரிவெல்லாம் மரம். காலை ஆறு, ஆறரைக்கு ஏரிக்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். தண்ணீருக்கு மேல் இடுப்பளவு உயரத்துக்கு ஆவி நிற்கும். கட்டிப்போட்ட படகுகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். எதிரே ஒரு டீக்கடையில் அடுப்பு பற்றவைத்துப் பால் வைத்திருப்பார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற எஸ்டேட் ஆட்கள் அங்கே நின்று குடித்துவிட்டுப் போவார்கள். வெயில் கிழக்குச் சரிவைத் தாண்டி வந்து விழுந்ததும் ஆவி கலைந்துவிடும். பத்து மணிக்கு அதே இடத்தில் நின்றால் பஜ்ஜிக் கடையும் ஒலிபெருக்கியும் கார் ஹாரனும்தான். இரண்டு இரவு தங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இந்த இரண்டு காலைகளுக்காக.

படகு போவதென்றால் முதல் வேளையிலேயே போய்விடுங்கள். பிள்ளைகளுக்கு மிதிபடகு, மாமியாருக்குத் துடுப்புப் படகு. மோட்டார் படகு ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும், கொடுத்த காசுக்கு ஆகாது. பக்கத்தில் அண்ணா பூங்கா இருக்கிறது, குழந்தைகள் ஓடி ஆடலாம். மான் பூங்காவை விட்டுவிடலாம்.

கிளியூர் அருவி எல்லாப் பட்டியலிலும் முதலில் இருக்கும், 300 அடி என்று போட்டிருப்பார்கள். அது ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் விழுகிற அருவி. ஏரி வழியவில்லை என்றால் அருவியில் பாறைதான் தெரியும். பிப்ரவரியில் போனால் அநேகமாக அப்படித்தான் இருக்கும். ஏரியிலிருந்து தண்ணீர் வெளியேறுகிற இடத்தைப் பார்த்தாலே அருவிக்குப் போவதா வேண்டாமா என்று தெரிந்துவிடும். தண்ணீர் இருந்தாலும் செங்குத்தான இறக்கம், திரும்ப ஏற வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது ஆகாது. அப்பாவும் பையனும் மட்டும் போய்வரட்டும்.

லேடீஸ் சீட்டுக்கு மாலை நாலரைக்குப் போங்கள். தென்மேற்கே சேலம் ஊர் மொத்தமும் கீழே கிடக்கும், நீங்கள் ஏறி வந்த சாலை வளைந்து வளைந்து தெரியும். மலையடியில் வெள்ளை வெளேரென்று திட்டுத்திட்டாக மண்ணைப் பெயர்த்துப் போட்டதுபோல் ஓரிடம் தெரியும். அது மேக்னசைட் சுரங்கம், சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்பார்கள். உருக்காலை உலைகளுக்கு உள்ளே பதிக்கிற, சூடு தாங்கும் செங்கல் அதில்தான் செய்கிறார்கள். வானம் நன்றாகத் தெளிந்திருந்தால் மேற்கே மேட்டூர் அணைத் தண்ணீர் ஒரு கோடு போல மின்னும். விளக்கு போடுகிற நேரம் வரைக்கும் இருந்து சேலம் ஊர் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊர் பக்கம்தான், இருட்டில் கொஞ்ச தூரம் வந்தால் பரவாயில்லை.

இரண்டாம் நாள் காலை சேர்வராயன் கோயில். கடல்மட்டத்திலிருந்து 5,326 அடி, மலையின் உச்சி என்றே வைத்துக்கொள்ளலாம். வண்டி கோயிலுக்குக் கிட்டவே போகும். கோயில் ஒரு குகை, தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையில் பரம்பரையாக வாழ்கிற மலையாளி பழங்குடியினரின் குலசாமி. அவர்கள் பேசுவது தமிழ்தான், கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் மூத்தவர் இந்த மலைக்கும் மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக அவர்களிடையே ஒரு கதை உண்டு. கோயிலுக்கு வெளியே மரமில்லாத புல்வெளி. காற்று ஆளைத் தள்ளும். கீழே கிடக்கிற செம்பழுப்புக் கல்லில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், சின்னச் சின்ன உருண்டை ஒட்டியது போல் இருக்கும். பாக்சைட் கலந்த கல். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்துதான் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு போனார்கள். என்னைக் கேட்டால் ஏற்காட்டில் ஏரிக்கு அடுத்த நல்ல இடம் இதுதான். கூட்டம் வருவதற்குள் போய்விட்டால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

கிழக்கே பகோடா பாயிண்ட். யாரோ கற்களைக் கோபுரம் போல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், சரிவுக்குக் கீழே காக்கம்பாடி கிராமம் தெரியும். நேரமிருந்தால் போங்கள். கரடி குகை, ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் எல்லாம் விட்டுவிடுங்கள். பையனுக்குச் செடி கொடியில் ஆர்வம் இருந்தால் 1963 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் நடத்துகிற ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். பூச்சி பிடிக்கிற குடுவைச் செடியைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருப்பான்.

அதைவிட, 32 கிலோமீட்டர் லூப் ரோடு என்று ஒன்று இருக்கிறது. ஏற்காட்டில் தொடங்கி எஸ்டேட்டுகள், நாகலூர் போன்ற மலைக் கிராமங்கள் வழியாகச் சுற்றி ஏற்காட்டுக்கே வந்து சேரும். இறங்கிப் பார்க்க 'பாயிண்ட்' எதுவும் இல்லை, அதனால் வேன்கள் அதிகம் வராது. காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போங்கள், மாமியாருக்கு இறங்கி ஏறுகிற வேலை இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தார். அதற்கு நிழல் தருவதற்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் சாலையின் இரண்டு பக்கமும் நெட்டநெடுக நிற்கும். மரம் ஆஸ்திரேலியாவில் பிறந்தது, அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிற மிளகுக் கொடி நம்முடையது, அடியில் எத்தியோப்பியாவில் பிறந்த காபி. ஜனவரியில் போனால் வீட்டு வாசல்களிலும் களங்களிலும் காபிக்கொட்டையும் மிளகும் காய்வதைப் பார்க்கலாம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு மழை விழுந்தால் எட்டு பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளைப் பூ, மல்லிகை வாசம். இரண்டு மூன்று நாளில் கருகிவிடும். அது உங்கள் அதிர்ஷ்டம்.

தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், எல்லாம் தனியார் இடம். தவிர, காட்டெருமை இருக்கிறது. பார்க்க நம் எருமையின் பெரியண்ணன் போல சாதுவாக நிற்கும், படம் எடுக்கக் கிட்டே போனால் முட்டிவிடும். அந்தி சாய்ந்த பிறகு எஸ்டேட் சாலையில் நடக்கவே வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் பெரிய எதிர்பார்ப்பு வைக்காதீர்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, பிரெட் ஆம்லெட், வேர்க்கடலை. அந்தக் குளிருக்கு எல்லாமே ருசிதான். ஓட்டல்களில் காலை டிபன் நன்றாக இருக்கும், இரவு எட்டரைக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், ஊர் சீக்கிரம் அடங்கிவிடும். கடலூரில் மீன் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு அங்கே மீன் கேட்காமல் இருப்பது நல்லது.

வாங்க வேண்டியது இரண்டுதான். மிளகு, காபித்தூள். மிளகைக் கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், கனமாக, சுருக்கம் விழுந்து, உடைத்தால் உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். காபித்தூள் பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று படித்துவிட்டு வாங்குங்கள். சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கலாம், கலந்ததைப் பாக்கெட்டில் எழுத வேண்டும். கொட்டை வறுத்து அரைத்துத் தருகிற கடையில் சிக்கரி இல்லாமல் கேளுங்கள், தருவார்கள். மலையில் விற்கிற ஆரஞ்சு எல்லாம் மலையில் விளைந்தது என்று நம்ப வேண்டாம். சேர்வராயன் மலையில் ஆரஞ்சு மரங்கள் நோய் வந்து எப்போதோ குறைந்துவிட்டன. பட்டர் ஃப்ரூட் பருவத்தில் மலிவாகக் கிடைக்கும். பலாப்பழம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பண்ருட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஏற்காட்டிலிருந்து பலாப்பழம் சுமந்து வந்தால் தெருவே சிரிக்கும்.

உங்கள் மாமியாருக்கு: மூட்டுக்குக் குளிர் ஆகாது. கம்பளிச் சால்வை, காலுறை, காதை மூட மப்ளர் மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கியில் போட்டுவிட்டால் தேவைப்படும்போது கிடைக்காது. தினப்படி மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிதாக ஏதாவது என்றால் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். தினம் மாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரம் அறையில் படுக்க விட்டால், லேடீஸ் சீட்டோ ஏரிக்கரையோ அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும் வருவார். லேடீஸ் சீட்டுக்குப் போகிற அன்று மட்டும் அந்த ஓய்வை மூன்று மணிக்கு வைத்துவிடுங்கள்.

கடைசியாக நாள் கணக்கு. ஞாயிறு மதியம் ஏறுங்கள், அப்போது வார இறுதிக் கூட்டம் இறங்க ஆரம்பித்திருக்கும். திங்கள் முழு நாளும் ஊர் உங்களுடையது, அறை வாடகையும் சனிக்கிழமை போல் இருக்காது. செவ்வாய் காலை ஏரிக்கரையில் இன்னொரு நடை, டிபன், ஒன்பதரைக்குள் குப்பனூர் வழியாக இறக்கம். மதியச் சாப்பாட்டை ஆத்தூரில் வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கடலூர் வந்துவிடலாம். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு திரும்புவதுதான் முடியும் என்றால், அதற்குப் பதிலாக இன்னும் ஒரு மாதம் பொறுத்து லீவு கிடைக்கிறதா என்று பாருங்கள். கிளம்புவதற்கு முன் பிரேக்கையும் டயரையும் ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.